கடைசி வாங்கின் செவ்வாய்க்கிழமைகள்

“பெயர்?”

“தெரியாது.”

“ஆணா, பெண்ணா?”

“அதுவும் தெரியாது. ஆண் எண்டுதான் நினைக்கிறன்.”

“படம் ஏதும்?”

“ஒருநாளும் கண்டதில்லை.”

பிறெடி குறிப்புப் புத்தகத்தை மூடினான். “மேடம், போன மாசம் ஒரு பூனையைத் தேடினம். அந்தப் பூனைக்கே ஒரு பெயரும் ரெண்டு படமும் இருந்தது.”

அனுஷியா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருபது வருடங்கள் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காகப் பொய்யான விபத்துகளையும் மெய்யான மரணங்களையும் விசாரித்தவள் அவள். இப்போது வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகும் காலி வீதியில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். பிறெடி அவளுடைய ஒரே உதவியாளன். நாற்பது வயது. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். வட கொழும்பின் ஒழுங்கைகள் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். நாக்கு மட்டும் கட்டுப்பாட்டில் இல்லை.

எதிரே இருந்த பெண்ணின் பெயர் ஷாமிலா. முப்பத்துமூன்று வயது. கணவன் அஷ்ரப்போடு மஸ்கட்டில் ஐந்தரை வருடங்கள் இருந்துவிட்டு இரண்டு கிழமைக்கு முன்தான் கொழும்புக்கு வந்திருந்தாள். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் வாடகை வீடு.

“ஃபேஸ்புக்கில பழகின ஆளா?” என்று கேட்டாள் அனுஷியா.

“இல்லை. பொதுப்பலகை எண்டு ஒரு தளம். லிங்க் போடுற இடம்.”

“லிங்க் ஃபேஸ்புக்கிலயும் போடலாம்தானே,” என்றான் பிறெடி. “என்ர மாமா ஒரு நாளைக்கு நாப்பது போடுறார். முப்பத்தொம்பது பொய்.”

ஷாமிலாவின் முகத்தில் சிரிப்பு வரப்பார்த்து வராமல் போனது.

“உங்கட மாமா போட்டபடியால்தான் நீங்கள் அதைப் பார்க்கிறீங்கள். அங்க ஆள்தான் முதல். ஆர்ட மகள், ஆரைக் கட்டினவள், எல்லாம் தெரிஞ்ச பிறகுதான் என்ன சொல்லுறாள் எண்டு பார்ப்பினம். பலகையில ஆளே இல்லை. வாசிச்ச ஒண்டை, பார்த்த ஒண்டைப் போடுவம். பிடிச்சவை மேல தள்ளுவினம், பிடிக்காதவை கீழ தள்ளுவினம். கீழ ரெண்டு வரி எழுதலாம். போட்டது ஆர் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். நண்பர் பட்டியல் எண்டு ஒண்டே கிடையாது.”

“நீங்கள் ஏன் அங்க போனீங்கள்?”

ஷாமிலா கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். “நான் வேதக்காரி, கத்தோலிக்கம். அஷ்ரப் முஸ்லிம். ரெண்டாயிரத்துப் பத்தொன்பது டிசம்பரில கட்டினனாங்கள். ஈஸ்டருக்கு எங்கட கோவில்களில குண்டு வெடிச்ச வருசம், முஸ்லிம் எண்டாலே எங்கட ஆக்களுக்கு ஆகாத நேரம். கலியாணப் படத்தை ஃபேஸ்புக்கில போட்டன். அதுக்குக் கீழ வீட்டு ஆள் ஒராள் ஒரு வரி எழுதினார். ‘இவள் இனி எங்கட பிள்ளை இல்லை’ எண்டு. அந்த வரிக்கு நாப்பத்தேழு பேர் லைக் போட்டிருந்தினம். பெரியம்மா, மச்சாள்மார், படிப்பிச்ச ரீச்சர். ஒவ்வொரு பெயராப் பார்த்து எல்லாரையும் தடுத்தன். ரெலிபோன் நம்பரையும் மாத்தினன்.”

பிறெடி புத்தகத்தைத் திறந்தான். ஆனால் எதுவும் எழுதவில்லை.

“ரெண்டு வருசத்தால எனக்கு ஒரு பிள்ளை ஏழாம் மாசத்தில வயித்திலயே போச்சுது. நான் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல. அஷ்ரப்போடகூட. பலகையில மட்டும், ‘மழைக்கோட்’ எண்ட பெயரில, அப்பிடிப் பிள்ளையை இழந்த ஒரு தாய் எழுதின கட்டுரையை லிங்க் போட்டு, ‘இதைப் போல எனக்கும்’ எண்டு எழுதினன். அடுத்த நாள் ‘கடைசிவாங்கு’ எண்ட பெயரில ஒராள் அதுக்குக் கீழ ஒரு லிங்க் போட்டார். பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்ச் எண்டுதான் அந்தப் பெயரை நினைச்சன். ஆறுதல் ஒண்டும் இல்லை. கப்பலுக்கு வழிகாட்டுற வெளிச்சவீட்டு விளக்கைத் துடைக்கிற ஒரு மனுசன்ர வீடியோ. அடுத்த நாள் குடை திருத்துறது எப்பிடி எண்டு ஒரு கட்டுரை. அதுக்கடுத்த நாள் கடலாமை. கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஒண்டு. மூண்டரை வருசம்.”

“ஒருக்காலும் துக்கம் விசாரிக்கேல்லையா?”

“ஒரு சொல்கூட இல்லை. அதாலதான் நான் காலமை எழும்பினன் எண்டு நினைக்கிறன். இண்டைக்கு என்ன போட்டிருப்பார் எண்டு பார்க்க.”

“எப்ப நிண்டது?”

“ஏப்ரல் பதினெட்டாம் திகதி நான் அவருக்கு எழுதினன், கொழும்புக்கு வாறன், வீட்டுக்குப் போய்க் கதைக்கப்போறன், அந்தத் துணிவு உங்களாலதான் வந்தது எண்டு. அண்டையில இருந்து ஆள் இல்லை.” அவள் நிமிர்ந்தாள். “வீட்டுக்குப் போக முன்னம் அந்த ஆளைக் காணவேணும், அக்கா. ஏலுமெண்டா என்னோட வரச்சொல்லிக் கேக்கவேணும். தனியப் போக எனக்குக் கால் எழும்புதில்லை.”

மூன்று நாட்கள் அனுஷியா மேசையை விட்டு எழவில்லை. ‘கடைசிவாங்கு’ போட்ட ஆயிரத்துச் சொச்சம் இணைப்புகளையும் திகதி, நேரத்தோடு அச்சடித்து வரிசையாக அடுக்கியிருந்தாள். வழக்கமாகக் காணாமற்போனவர்களைத் தேடும்போது அவள் ஃபேஸ்புக்கிலிருந்துதான் தொடங்குவாள். யாரோடு சிரிக்கிறார், யாருடைய பிறந்தநாளுக்குப் போனார், யாரோடு இப்போது பேச்சில்லை. இங்கே பிடிக்க முகமே இல்லை. ஒரு மனிதன் எதைப் பார்த்தான், எப்போது பார்த்தான் என்பது மட்டும் இருந்தது.

“எதைப் பார்த்தான் எண்டதில ஒண்டும் கிடைக்காது, பிறெடி. வேணுமெண்டே ஊரை மறைச்சிருக்கிறார். வெளிச்சவீடு ஸ்கொட்லாந்தில. ஆமை மெக்சிகோவில. ஆனால் நேரத்தை மறைக்கேல்ல.”

அவள் ஒரு தாள்கட்டைத் தள்ளினாள். “காலமை பத்து மணிக்கும் பதினொண்டுக்கும் இடையில. எப்பவும். இதைப் பாரும், ரெண்டாயிரத்து இருபத்திரண்டு மார்ச். திங்கள் பத்தேகால். புதன் காலமை ஒண்டும் இல்லை, பின்னேரம் மூண்டு மணி. வியாழன் பத்து இருபது. வெள்ளி திரும்பவும் பின்னேரம்.”

பிறெடி குனிந்து பார்த்தான். “அந்த மார்ச்சில முழு நாடும் பின்னேரம்தானே எழும்பினது. கரண்ட் இல்லை.”

“அதுதான்,” என்றாள் அனுஷியா.

அவள் மேசை லாச்சியிலிருந்து பழைய பத்திரிகை நறுக்குகளை எடுத்துப் பரப்பினாள். அந்த வருடத்து மின்வெட்டு அட்டவணைகள். ஊர்களை A, B என்று எழுத்துவாரியாகப் பிரித்து, எந்தப் பிரிவுக்கு எந்த மணிக்கு வெட்டு என்று ஒவ்வொரு நாளும் வந்தவை. “போனில போடுற ஆளெண்டா கரண்ட் இல்லாட்டியும் போடலாம். இந்த ஆளுக்கு ஏலாமல் போயிருக்கு. அப்ப மேசையில வைச்ச கொம்பியூட்டர். எப்பவும் ஒரே மணித்தியாலத்தில எண்டபடியால் வீட்டில இல்லை, காசு குடுத்துப் பாவிக்கிற கடையில. இடைவெளி விழுந்த நாள்களை அட்டவணையோட பொருத்திப் பார்த்தன். முப்பத்தொரு நாள். ஒரே ஒரு பிரிவுக்குத்தான் எல்லாம் பொருந்துது.”

“எது?”

“உம்மட பிரிவு. கொட்டாஞ்சேனை.”

பிறெடி மெல்ல விசில் அடித்தான். “அரசாங்கம் அந்த வருசம் எங்களுக்குச் செய்த ஒரே நன்மை இதாத்தான் இருக்கும்.”

“இன்னொண்டு. கிழமையில ஒரு நாள் ஒண்டுமே போடேல்ல. மூண்டு வருசத்தில ஒரு செவ்வாய்க்கிழமைகூட இல்லை. கடையேதும் செவ்வாயில பூட்டுறதா?”

பிறெடி சிரித்தான். “மேடம், நீங்கள் சைவம். உங்களுக்குச் செவ்வாய் எண்டா செவ்வாய்தோசம். கொட்டாஞ்சேனையில செவ்வாய் எண்டா கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். வேலையில்லாத வயசாளி ஒருத்தர் செவ்வாய்க்கிழமை காலமை வேற எங்க போவார்?” அவன் சட்டென்று நிறுத்தினான். “கடைசிவாங்கு. அந்தப் பிள்ளை பள்ளிக்கூட வாங்கெண்டு நினைச்சிருக்கு. இது கோவில் வாங்கு. பூசைக்குப் போய், எல்லாருக்கும் பின்னால, கதவோரத்தில இருக்கிற ஆள்.”

“அப்பிடி ஆர் இருப்பினம்?”

“பிந்தி வாறவை. இல்லாட்டி முன்னுக்குப் போக முகம் இல்லாதவை.”

அனுஷியா கடைசித் தாள்கட்டை எடுத்தாள்.

“இதுதான் எனக்கு விளங்கேல்ல. போன நவம்பர் பதினொண்டோட நிக்குது. பதினாறு நாள் ஒண்டும் இல்லை. திரும்பத் தொடங்கேக்க எல்லாம் மாறிப்போச்சு. நேரம் பின்னேரம் ரெண்டு மணி. செவ்வாய்க்கிழமையும் வருது. முந்தி ஒரு எழுத்துப்பிழை இல்லை. இப்ப பாரும், ‘இந்த ஆட்டுக்குட்டி பாற்க நல்லாஇருக்கு.’ ”

பிறெடி அடுத்த தாள்களைப் புரட்டினான். “ஆட்டுக்குட்டி. பூந்தொட்டி. லவ் கேக் செய்யிற முறை. வெளிச்சவீட்டில இருந்து மனுசன் லவ் கேக்குக்கு வந்திட்டார்.”

“மனுசன் வரேல்ல,” என்றாள் அனுஷியா. “இது வேற ஆள். ரெண்டு பேர் ஒரு பெயரில இருந்திருக்கினம்.”

கொட்டாஞ்சேனையில் இப்போதும் மேசைக் கொம்பியூட்டர் வைத்திருக்கும் கொமினிகேஷன் கடைகள் மூன்றுதான் என்றான் பிறெடி. முதலாவது கடை பூட்டிக்கிடந்தது. இரண்டாவது, ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது. போட்டோப் பிரதி இயந்திரம் ஒன்று, கண்ணாடி அலுமாரிக்குள் பேனாக்கள், மூலையில் இரண்டு பழைய கொம்பியூட்டர்கள். பலீலா என்ற முஸ்லிம் பெண் அதை நடத்தினாள். ஐம்பது வயதிருக்கும். ஒருவருக்குச் சிங்களத்தில் விலை சொல்லி அனுப்பிவிட்டு இவர்களிடம் திரும்பினாள்.

“காலமை பத்து மணிக்கு வந்து ஒரு மணித்தியாலம் இருக்கிற ஒராள்,” என்றாள் அனுஷியா. “செவ்வாய்க்கிழமை மட்டும் வரமாட்டார். போன நவம்பர் வரைக்கும் வந்திருப்பார்.”

பலீலாவின் கை மேசையில் இருந்த தாள்களை ஒழுங்குபடுத்துவதை நிறுத்தியது.

“நீங்க ஆரு?”

“மழைக்கோட் எண்ட பிள்ளை அனுப்பி வந்திருக்கிறம்.”

பலீலா எழுந்துபோய்க் கடைவாசல் திரையை இழுத்துவிட்டு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“வலன்ரைன் அங்கிள். போர்ட்டில சாமான் கணக்கெடுக்கிற டாலி கிளார்க்கா இருந்து பென்சன் எடுத்தவர். அதோ, அந்த ரெண்டாவது மெசின்தான் அவர்ட. நவம்பர் பதிமூணு விடியக்காலம் மௌத்தாகிட்டார். ஹார்ட்.”

“எப்பிடி முதல் வந்தவர்?”

“ரெண்டாயிரத்தி இருபது, கொரோனாவுக்கு முந்தி. ஃபேஸ்புக்கில ஒரு வரி எழுதிட்டேன், அத அழிச்சுத் தாங்க பிள்ள எண்டு கேட்டு வந்தார். நான் தேடித்தேடிப் பாத்தேன். அந்தப் படம் போட்ட ஆள் இவர பிளொக் பண்ணி. படமே தெரியல்ல, கீழ எழுதினத எப்பிடி அழிக்கிற? எனக்கு வழி தெரியல்ல. அவர் எழுதினது அவருக்கே தெரியாம அங்க கிடந்தது. மத்த எல்லாருக்கும் தெரியும்.” பலீலா மூக்கை உறிஞ்சினாள். “ஒவ்வொரு மாசமும் வந்து கேப்பார், இப்ப அழிக்க ஏலுமா எண்டு.”

பிறெடி அந்த இரண்டாவது மெசினைத் திரும்பிப் பார்த்தான்.

“ஆர்ட படம்?” என்று அனுஷியா கேட்டாள். கேட்கும்போதே பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“மகள்ட. ஒரே மகள். ஷாமிலா. எங்கட ஆளொருத்தர கலியாணம் முடிச்சு வெளிய போன.” பலீலா தன் முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். “ஒருநாள் என்னப் பாத்து, உங்களுக்கு என்னில கோவம் இல்லையா பிள்ள எண்டு கேட்டார். தேத்தண்ணி குடிங்க அங்கிள் எண்டு சொன்னேன்.”

“நவம்பருக்குப் பிறகும் அந்தப் பெயரில லிங்க் வந்திருக்கு. ஏப்ரல் வரைக்கும்.”

“அத நான் சொல்ல ஏலாது,” என்றாள் பலீலா. “அத சொல்ல வேண்டிய ஆள் இந்த ஒழுங்கையில, பச்சைக் கதவு வீட்டில இருக்கிறா.”

வெளியே வந்ததும் பிறெடி ஓட்டோவில் சாய்ந்து நின்றான். “மேடம், அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் செத்தது தெரியாது. சொந்தக்காரர் எல்லாரையும் தடுத்து வைச்சிருக்கு. ஆர் சொல்லியிருப்பினம்?”

“ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம்.”

“ரெண்டு கிழமையா வெள்ளவத்தையில இருந்து, வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டு...” அவன் முடிக்கவில்லை.

பச்சைக் கதவைத் திறந்தவள் வலன்ரைனின் மனைவி பேர்ணடெற். துக்கத்துக்குக் கறுப்புச் சட்டை போட்டிருந்தாள். சின்ன முன்னறை. சுவரில் வலன்ரைனின் படத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் குமிழ்விளக்கு எரிந்தது. சிரிக்கத் தெரியாதவர்போல முகத்தை இறுக்கிக்கொண்டு படத்துக்கு நின்றிருந்தார்.

அனுஷியா தான் யார் என்று சொன்னதும் பேர்ணடெற் கதிரையைத் தடவிப்பிடித்து உட்கார்ந்தாள்.

“பிள்ளை கொழும்பிலயா?”

“ஓம். வெள்ளவத்தையில.”

“சுகமா இருக்கிறாளா? மெலிஞ்சு போனாளா?”

“சுகமா இருக்கிறா, அம்மா. கடைசிவாங்கைத் தேடித் தரச்சொல்லி என்னட்ட வந்தவ. அது தகப்பன் எண்டு அவவுக்குத் தெரியாது.”

“அவருக்குத் தெரியும்,” என்றாள் பேர்ணடெற். “முதல் நாளே தெரியும்.”

அவள் உள்ளே போய் ஒரு செபப்புத்தகத்தோடு வந்தாள். அதற்குள்ளிருந்து வெளிநாட்டு முத்திரை ஒட்டிய ஒரு கடித உறையை எடுத்து அனுஷியாவிடம் கொடுத்தாள். கடிதம் ஒரு பக்கம்தான். சாய்வான, கவனமான கையெழுத்து.

‘மாமாவுக்கு, நான் அஷ்ரப் எழுதுகிறேன். உங்களுக்கு என்னைப் பிடிக்காது, அதைப் பற்றி நான் எழுதவில்லை. எங்கள் பிள்ளை தவறிவிட்டது. ஷாமிலா யாரோடும் கதைப்பதில்லை, சாப்பிடுவதில்லை. பொதுப்பலகை என்ற தளத்தில் மழைக்கோட் என்ற பெயரில் மட்டும் சில வரி எழுதுகிறாள். எனக்கு அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் மகளை உங்களுக்கு என்னைவிடத் தெரியும். வேறொன்றும் கேட்கவில்லை. நான் எழுதியது அவளுக்குத் தெரியாது.’

“பதில் போட்டாரா?”

“போடேல்ல. கிழிச்சுப் போடுவார் எண்டு நினைச்சன். ரெண்டு நாள் சட்டைப்பைக்குள்ளயே வைச்சுக்கொண்டு திரிஞ்சார். மூண்டாம் நாள் பலீலாட கடைக்குப் போனார்.” பேர்ணடெற் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “அவருக்கு வாயால ஒண்டும் வராது, பிள்ளை. வாயைத் திறந்தா அதட்டல்தான் வரும். முகத்தைக் கண்டாலே அவளுக்குக் கோவம், அவளைக் கண்டா இவருக்கு வீம்பு. அந்தப் பலகையில முகம் இல்லையெண்டபடியால் அவருக்குச் சுகமாப் போச்சு. வெளிச்சவீடு, ஆமை எண்டு தேடித்தேடி எடுப்பார். பின்னேரம் வந்து எனக்குச் சொல்லுவார், இண்டைக்கு அவள் சிரிச்சு எழுதியிருக்கிறாள் எண்டு. பெயரைச் சொல்லமாட்டார். அவள் எண்டுதான் சொல்லுவார்.”

“ஏன் தான் ஆரெண்டு சொல்லேல்ல?”

“சொன்னா அதிலயும் தடுத்துப்போடுவாள் எண்டு பயம். இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் எண்டு இருந்தவர்.”

தெருவில் ஒரு மீன்காரன் பேலியகொடையிலிருந்து கொண்டுவந்த பாரைக்குக் குரல் கொடுத்துக்கொண்டு போனான். பேர்ணடெற் அந்தச் சத்தம் தேயும் வரைக்கும் காத்திருந்தாள்.

“அவர் போனபிறகு அவளுக்குச் சொல்ல வழியில்லை. நம்பர் இல்லை. விலாசம் பழசு, எழுதின கடிதம் திரும்பி வந்திட்டுது. பதினாறாம் நாள் பலீலா வந்தா. அன்ரி, அந்தப் பிள்ளை அங்க கேட்டுக்கொண்டிருக்கு, எங்க போனீங்கள், சுகமில்லையா எண்டு. பாக்கேக்க அவளுக்குத் தகப்பனும் போய், இந்த ஆளும் போய்... எனக்கு மனம் கேக்கேல்ல. பலீலா போனில போட்டுத் தந்தா. எனக்குப் போனில எழுதத் தெரியாது, அதுக்குள்ள கதைச்சா அதுவே எழுதும் எண்டா.”

“பிறகு ஏன் நிப்பாட்டினீங்கள்?” பிறெடிதான் கேட்டான். அவன் குரல் அவனுடையதுபோல இல்லை.

பேர்ணடெற் அவனைப் பார்த்தாள்.

“அவள் எழுதினாள் தம்பி, கொழும்புக்கு வாறன், அப்பாவைக் கண்டு கதைக்கப்போறன் எண்டு. அண்டைக்குப் பெரிய வெள்ளிக்கிழமை. நான் போனைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தன். என்னத்தைக் கதைக்கிறது அதுக்குள்ள? வா எண்டு சொல்லுறதா? வராத எண்டு சொல்லுறதா?”

ஷாமிலா தங்களிடம் ‘வீட்டுக்கு’ என்று மட்டும் சொன்னது அனுஷியாவுக்கு நினைவுக்கு வந்தது. இருபது வருடங்களில் எத்தனையோ வாசல்களில் நின்று மரணத்தைச் சொன்னவள் அவள். இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

“நீங்களே சொல்லிவிடுங்கோ, பிள்ளை,” என்றாள் பேர்ணடெற். “இல்லாட்டி நான் அந்தப் பலகையிலயே கதைச்சுவிடுறன். பலீலா அனுப்புவா.”

“இல்லை, அம்மா. இது அங்க சொல்லுற விசயம் இல்லை. உங்கட முகத்தை அவ பார்க்கவேணும்.”

“என்னைக் கண்டு கதவைச் சாத்தினா?”

“சாத்தினா நானே உங்களைத் திரும்ப இங்க கூட்டிக்கொண்டு வாறன்.”

பேர்ணடெற் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் தலையைச் சீவிக்கொண்டு வந்தாள். கடிதத்தைச் செபப்புத்தகத்துக்குள் வைத்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளவத்தைக்கு ஓட்டோவில் போனார்கள். காலி வீதியில் நெரிசல். பம்பலப்பிட்டியில் பத்து நிமிடம் நின்றார்கள். ஷாமிலாவின் வீடு இருந்த ஒழுங்கைக்குள் திரும்பும்போது, கடல் தெரிந்ததும், பேர்ணடெற் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அந்தத் தம்பி நல்லவரா?”

“கடிதத்தைத்தான் நானும் பார்த்தன்,” என்றாள் அனுஷியா.

இரண்டாம் மாடி. பிறெடி படியில் முன்னால் ஏறி மணியை அழுத்திவிட்டு ஒதுங்கி நின்றான். கதவைத் திறந்தது ஷாமிலா. முதலில் அனுஷியாவைத்தான் கண்டாள். முகம் மலர்ந்தது.

“ஆளைக் கண்டுபிடிச்சிட்டீங்களா, அக்கா?”

அனுஷியா பதில் சொல்லாமல் விலகினாள். அவளுக்குப் பின்னால் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கியபடி பேர்ணடெற் நின்றாள்.

ஷாமிலா அசையவில்லை. தாயின் நரைத்த தலையைப் பார்த்தாள். பிறகு அவள் கண்கள் தாயைத் தாண்டிப் படிகளுக்கு இறங்கின.

“அப்பா கீழ நிக்கிறாரா?” என்று கேட்டாள். “ஏறி வரமாட்டாரெண்டு எனக்குத் தெரியும். நான் இறங்கி வாறன் எண்டு சொல்லுங்கோ அம்மா.”

அவள் செருப்பைத் தேடிக் குனிந்தாள். ஒற்றைச் செருப்பைப் போட்டவள், நிமிரும்போதுதான் கறுப்புச் சட்டையைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் பார்த்தாள்.

“எப்ப?” என்றாள்.

“நவம்பரில, மகள்.”

ஷாமிலா அழவில்லை. கதவு நிலையில் சாய்ந்தாள். பேர்ணடெற் செபப்புத்தகத்தைத் திறந்து கடிதத்தை நீட்டினாள். ஷாமிலா அதை வாங்கினாள். தன் கணவனின் கையெழுத்தை அவள் உடனே அடையாளம் கண்டாள். ஒருதரம் வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். ‘மழைக்கோட்’ என்ற சொல்லில் அவள் விரல் நின்றது. அவளுடைய உதடுகள் ஏதோ எண்ணுவதுபோல அசைந்தன.

“மூண்டு வருசமும் அப்பாவா?”

“ஓம், மகள்.”

“அப்ப நவம்பருக்குப் பிறகு?”

பேர்ணடெற் தலையைக் குனிந்துகொண்டாள், ஏதோ களவு செய்து பிடிபட்டவள்போல.

“எனக்கு அவரைப் போல எழுத வராது,” என்றாள். “பிழை விட்டிருப்பன்.”

“விட்டனீங்கள்,” என்றாள் ஷாமிலா. குரல் உடைந்துவிட்டது. “நான் கண்டனான். அந்த ஆளுக்குக் கை ஏலாமல் போச்சோ, கண் தெரியாமல் போச்சோ எண்டு பயந்துதான் தேடச்சொன்னனான். அம்மா, ஆட்டுக்குட்டி வீடியோவை நான் எத்தினை தரம் பார்த்தனான் எண்டு தெரியுமா?”

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். ஒற்றைச் செருப்போடு வாசலிலேயே குந்தி இருந்து, தாயின் சட்டை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பேர்ணடெற்றும் பக்கத்தில் தரையில் இருந்துவிட்டாள். பிறெடி சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றான்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அஷ்ரப் வந்தான். கண்ணாடி போட்ட, ஒல்லியான மனிதன். மனைவியின் கையில் இருந்த கடிதத்தைக் கண்டதும் அவன் முகம் வெளிறியது. தான் எழுதி, பதில் வராமல், போய்ச்சேரவே இல்லை என்று நினைத்திருந்த கடிதம். ஷாமிலா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு தரையில் இருந்த கறுப்புச் சட்டைக்காரியைப் பார்த்தான். அதுவரை படத்தில்கூட அவன் கண்டிராத மனிசி. யாரென்று யாரும் சொல்லவில்லை.

அவன் உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து வாசலுக்குள் வைத்தான். குனிந்து, அவளுடைய முழங்கையைப் பிடித்தான்.

“தரையில இருக்காதீங்க, மாமி,” என்றான். “உள்ள வாங்க.”

பேர்ணடெற் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.